தெருவில் ஆமை வந்திருக்கிறது, என்ன செய்வது? (முடிச்சூர், இன்று காலை)

மாடிவீட்டுக்காரன் | காலை 6:52

வணக்கம். தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

ராத்திரி முழுக்க விடாத மழை. காலையில் பால் வாங்க இறங்கினால் பக்கத்து வீட்டுக் காரின் பின் டயரை ஒட்டி ஓர் ஆமை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். ஓடு கரடுமுரடாக இல்லை, வழுவழுப்பாக, பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கிறது. மூக்கு சின்னக் குழாய் மாதிரி நீண்டிருக்கிறது. தொட்டதும் தலையை இழுத்துக்கொண்டது. பின்னங்கால்கள் உள்ளே போனதும் அடியிலிருந்து இரண்டு தோல் மடிப்புகள் மேலே வந்து மூடிக்கொண்டன. இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

காரை எடுக்க வேண்டும் என்றதால் பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி அதில் விட்டிருக்கிறோம். பிள்ளைகள் கீரையைக் கிள்ளிப் போட்டிருக்கிறார்கள், சீண்டவே இல்லை. தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கோயில் குளத்தில் விடு என்கிறார் ஒருவர், கிணற்றில் போடு என்கிறார் இன்னொருவர். எதிர்வீட்டுப் பாட்டி எங்கே வேண்டுமானாலும் விடு, வாசற்படி தாண்ட மட்டும் விடாதே என்கிறார். பைக்கில் வந்த ஒருவர் "கொடுங்க சார், ஏரியில விட்டுடறேன்" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். கொடுத்துவிடலாமா?

தவளைக்குரல் | காலை 7:04

கொடுக்காதீர்கள். முதல் வேலை அதுதான். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் சொல்வது பால் ஆமை. கறிக்கும், மூலத்துக்கு மருந்து என்று நம்பி ரத்தத்துக்கும் பிடித்து விற்கப்படுகிற ஆமை இது. முகம் தெரியாதவர் கையில் போனால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, டப்பில் இருக்கும் தண்ணீரை முக்கால்வாசி கொட்டிவிடுங்கள். நீரில் வாழும் ஆமைதான், நன்றாக நீந்தும். ஆனால் அதற்கும் நுரையீரல்தான், மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். அடிபட்டிருந்தாலோ சோர்ந்திருந்தாலோ ஆழத்தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும். வழுக்கும் பிளாஸ்டிக்கில் பற்றிக்கொள்ள இடமும் இருக்காது. ஈரச் சாக்கு ஒன்றை அடியில் போட்டு, மேலே காற்று போகிற மாதிரி மூடி, நிழலில் வையுங்கள். சாப்பாடு எதுவும் வேண்டாம். பிள்ளைகள் தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். ஆமைகளிடம் சால்மொனெல்லா கிருமி சர்வசாதாரணம். குட்டி ஆமைகளைத் தொட்டுக் குழந்தைகளுக்கு நோய் வந்ததால்தான் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதையே 1975-ல் தடை செய்தார்கள்.

இனி இரண்டு கேள்வி. உடம்பில் காயம் ஏதும் உண்டா? நீங்கள் பார்த்தபோது அது எந்தப் பக்கம் பார்த்து நின்றது, பக்கத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

மாடிவீட்டுக்காரன் | காலை 7:21

நன்றி. பைக்கில் வந்தவரை அனுப்பிவிட்டேன். தண்ணீரைக் கொட்டிச் சாக்குப் போட்டாச்சு.

காயம் இல்லை. ஓட்டின் ஓரத்தில் ஒரு பழைய வடு மட்டும் தெரிகிறது, ஆறிப்போனது. எங்கள் தெருவுக்குப் பின்னால் நான்கைந்து காலி மனை, அதற்கப்பால் ஏரிக்கு வருகிற கால்வாய். ஏரி அரை கிலோமீட்டர் இருக்கும். ஆமை ஏரிக்கு முதுகு காட்டி, மனைகளைப் பார்த்து நின்றது. அதனால்தான் வழிதவறி வந்துவிட்டதோ என்று நினைத்தோம்.

தவளைக்குரல் | காலை 7:35

வழி தவறவில்லை. அதற்குப் போகிற இடம் தெரியும். நாம்தான் நடுவில் வீடு கட்டியிருக்கிறோம்.

பால் ஆமை கோடையில் குட்டை வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மழை வந்ததும் எழுந்து நடக்கும். புதிதாகத் தண்ணீர் தேங்கிய பள்ளம், வயல், குட்டை என்று தரை மேலேயே போய்ச் சேரும். ஐப்பசி கார்த்திகையில் நம் புறநகர்த் தெருக்களில் ஆமை தென்படுவதற்கு இதுதான் காரணம். உங்கள் தெரு இருக்கும் இடமே ஒரு காலத்தில் அது மேய்ந்த பள்ளமாக இருந்திருக்கும்.

காயமில்லாத ஆமையைச் சாலையில் பார்த்தால், அது எந்தத் திசையில் போகிறதோ அந்தப் பக்கத்து ஓரத்தில் கொண்டுபோய் விடுவதோடு நம் வேலை முடிந்தது. வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடி அதே சாலையைத்தான் கடக்கும். உங்கள் விஷயத்தில் அது பார்த்து நின்ற பக்கம் வெறும் மனையும் சுவரும்தான் என்பதால் ஏரியில் விடுவதுதான் சரி. அதே ஏரி. வேறு நல்ல ஏரி என்று தேடிப் போக வேண்டாம்.

அதற்கு முன் வனத்துறைக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். படம் எடுத்து வையுங்கள், வாட்சப்பில் கேட்பார்கள்.

கிணத்துமேடு | காலை 8:10

தம்பி தவளைக்குரல் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் கிணறு என்றதும் ஏதோ தப்பு மாதிரி பேச வேண்டாம். திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊரில் கிணற்றில் ஆமை விடுவது தலைமுறை தலைமுறையாக நடப்பது. செத்த தவளை, விழுந்த எலி எல்லாவற்றையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும். எங்கள் தாத்தா காலத்து ஆமையை நானே பார்த்திருக்கிறேன். ஆளரவம் கேட்டால் உள்ளே போய்விடும், கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் கிணற்றுப் படிக்கு ஏறி வந்து தலையை நீட்டும். யாரும் அதைத் தொந்தரவு செய்ததில்லை. சாலையில் லாரியில் நசுங்குவதற்குக் கிணறு எவ்வளவோ மேல் இல்லையா?

தவளைக்குரல் | காலை 8:48

ஐயா, உங்கள் ஊர் வழக்கத்தில் உண்மை இருக்கிறது. பால் ஆமை செத்ததைத் தின்னும், நத்தை, மீன், தவளை, நீர்ச்செடி எல்லாமே அதற்கு உணவு. கிணறு சுத்தமாகும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை.

நான் வருத்தப்படுவது வேறு விஷயத்துக்கு. அந்தக் கிணற்று ஆமை பெண்ணாக இருந்தால் அது முட்டையிட மண்ணுக்கு வர வேண்டும். ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போகும். மோட்டார் வைத்த உறைக்கிணற்றில் எங்கே ஏறும்? எத்தனை வருடம் வாழ்ந்தாலும் ஒரு குஞ்சு வெளியே வராது. ஆணாக இருந்தாலும் அதற்குத் துணை இல்லை. நம் கண்ணுக்கு அது நன்றாக இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஏரியின் கணக்கில் அது பிடித்த அன்றே செத்தாச்சு.

ஒரு ஊரில் பத்துக் கிணறு, பத்து ஆமை என்று வையுங்கள். ஆமைகள் வளர்ந்து முட்டையிடும் பருவத்துக்கு வரவே வருடக்கணக்காகும். இடுகிற முட்டையிலும் பாதியைக் கீரியும் உடும்பும் தோண்டித் தின்றுவிடும். அதையெல்லாம் தாங்கித்தான் இந்த இனம் இத்தனை காலம் வந்திருக்கிறது, வளர்ந்த பெண் ஆமைகள் வருடா வருடம் முட்டையிட்டுக்கொண்டே இருந்ததால். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் தாங்காது.

கோயில் குளமும் இதே கதைதான். நான்கு பக்கமும் கருங்கல் படி, அடியில் சிமெண்ட் போட்டிருப்பார்கள். புதையச் சேறு இல்லை, முட்டையிட மண் இல்லை. புண்ணியம் என்று விடுகிறார்கள், நல்ல மனதுதான். அந்த நல்ல மனதோடு இன்னும் கொஞ்ச தூரம் நடந்து ஏரிக்குப் போய்விடலாம்.

கிணத்துமேடு | காலை 9:15

நீங்கள் சொல்லும் உறைக்கிணறு வேறு, மாடு கட்டி இறைத்த எங்கள் பழைய கமலைக் கிணறு வேறு. அதில் சரிவு இருக்கும், வாய்க்கால் வழியாக ஆமை தானாகவே வரும், போகும். கோடையில் ஊரில் அது ஒன்றில்தான் தண்ணீர் இருக்கும். இப்போது அந்தக் கிணறெல்லாம் தூர்ந்துவிட்டது, அது உண்மை. முட்டை விஷயத்தை நான் யோசித்ததில்லை. எங்கள் சித்தப்பா வீட்டு உறைக்கிணற்றில் ஒன்று இருக்கிறது, இழுத்துவிட முடியுமா பார்க்கிறேன்.

ஊசிமருந்து | காலை 9:40

கால்நடை மருத்துவர். அடிபட்ட ஆமை என்றால் பல பேர் செய்கிற காரியம் ஒன்றைத் தடுக்கவே எழுதுகிறேன்.

ஓடு என்பது ஆமை சுமக்கிற பெட்டி இல்லை, அதன் உடம்பு. முதுகெலும்பும் விலாவும் ஓட்டோடு ஒன்றாக இணைந்தவை. உள்ளே ரத்த ஓட்டம் உண்டு, வலி தெரியும். வண்டி ஏறி ஓடு விரிசல் விட்டால் உடைந்த எலும்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் கொண்டுவந்த ஒன்றுக்கு விரிசலின் மேல் உடனடிப் பசையை ஊற்றி ஒட்டியிருந்தார்கள். உள்ளே மண்ணும் கிருமியும் அப்படியே அடைபட்டுச் சீழ் வைத்திருந்தது. பசையைச் சுரண்டி எடுப்பதற்கே பாதி நாள் போனது. மஞ்சள் அப்புவது, எண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை லேசாகச் சுற்றி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், தண்ணீர் இல்லாமல் வைத்துக் கொண்டுவாருங்கள். விரிசலில் ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டாலே பாதி உதவி. சில மணி நேரத்தில் புழு வைத்துவிடும்.

அசையவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று குப்பையில் போடாதீர்கள். ஆமையின் உடம்பு மிக மெதுவாக ஓடுவது. ஓடு நொறுங்கி வந்தவை பிழைத்து நடந்து போனதையும் பார்த்திருக்கிறேன்.

தூக்குவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், முதுகெலும்பு போய்விடும். கெட்டி ஓட்டு ஆமையை இரு பக்கமும் பின்பாதியில் பிடித்துத் தரையை ஒட்டியே தூக்கலாம். பால் ஆமையிடம் அந்தப் பிடி ஆபத்து. கழுத்து நினைப்பதைவிட நீளம், பின்னால் வளைந்து வந்து கடிக்கும். தடித்த துணியைப் போர்த்தித் தூக்குங்கள், அல்லது பக்கெட்டைச் சாய்த்து வைத்து மெல்லத் தள்ளி உள்ளே ஏற்றுங்கள்.

மாடிவீட்டுக்காரன் | காலை 10:05

டாக்டர் சார், நன்றி. ஒரு பயம். இதை டப்பில் வைத்திருப்பதே குற்றம் என்று அலுவலக நண்பன் சொல்கிறான். என்மேல் வழக்கு வருமா?

நீதிக்கோல் | காலை 10:31

நண்பர் சொல்வதில் பாதி சரி. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-ல் வேட்டை என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் அடங்கும். பால் ஆமை அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் முதல் அது நடப்பில் இருக்கிறது. இந்த அட்டவணை உயிர்களை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. காட்டுயிர் அரசின் சொத்து, அது உங்கள் கைக்கு எப்படி வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. காப்பாற்றி, உடனே தகவல் சொன்னவரைச் சட்டம் தேடி வராது. "பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், ஒரு வாரம் இருக்கட்டும்" என்று வைத்துக்கொண்டால்தான் பிரச்சினை. போன் செய்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

மாடிவீட்டுக்காரன் | மாலை 5:50

வனச்சரக அலுவலகத்தில் பேசிவிட்டேன். முதலில் போன் எடுக்கவில்லை, அப்புறம் அவர்களே கூப்பிட்டார்கள். படம் கேட்டார்கள், அனுப்பினேன். காயம் இல்லை, ஏரி பக்கத்திலேயே இருக்கிறது என்றதும் நீங்களே கரையில் விட்டுவிட்டு இன்னொரு படம் அனுப்புங்கள் என்றார்கள்.

மழை கொஞ்சம் விட்டதும் தெருப்பிள்ளைகள் எல்லாம் கூட வர, போய் விட்டோம். ஆகாயத்தாமரை அடர்ந்த பக்கம் வேண்டாம் என்று கோரைப்புல் இருக்கும் இடமாகப் பார்த்தோம். தண்ணீருக்குள் எறியாமல் கரையில் பக்கெட்டைச் சாய்த்து வைத்தோம். வெகுநேரம் அசையவே இல்லை. பிள்ளைகளைப் பத்தடி தள்ளி உட்காரச் சொன்ன பிறகுதான் முதலில் அந்த மூக்கு வந்தது, அப்புறம் கழுத்து. கோடு கோடாக மஞ்சள் தலை. அவ்வளவு நீளக் கழுத்து உள்ளே எங்கே இருந்தது என்று பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். பின்னங்கால் மடல்கள் திறந்தன, விறுவிறுவென்று போய்விட்டது. ஆமை மெதுவாக நடக்கும் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

எல்லோருக்கும் நன்றி.

சர்வே_எண் | இரவு 7:12

உங்களுக்கு ஏரி இருந்தது, விட்டீர்கள். எனக்கு ஏரி இல்லை. எங்கள் குடியிருப்பு கட்டிய இடம் பட்டாவில் மனை, பழைய வரைபடத்தில் நீர்ப்பிடிப்பு. மழைக்கு மழை ஆமை வருகிறது, தண்ணீர்ப் பாம்பு வருகிறது, கெளுத்தி வருகிறது. போன மழையில் வண்டி நிறுத்தும் தளத்தில் இரண்டு ஆமை. "பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடு" என்றால் எங்கே விடுவேன்? கழிவுநீர்க் கால்வாயிலா? காவலாளி பள்ளிக்கரணையில் கொண்டுபோய் விடலாம் என்றார். அது ராம்சர் தளம் (உலக அளவில் முக்கியம் என்று அறிவிக்கப்பட்ட ஈரநிலம்), நல்ல சதுப்பு நிலம், அங்கே விட்டால் என்ன தப்பு?

தவளைக்குரல் | இரவு 8:03

இந்த இழையில் கஷ்டமான கேள்வி இதுதான்.

தூரத்து நீர்நிலையில் விடுவதில் இரண்டு சிக்கல். புது இடத்தில் விட்ட ஆமை பெரும்பாலும் அங்கேயே தங்குவதில்லை. பழகிய இடத்தைத் தேடி நடக்கத் தொடங்கும். பள்ளிக்கரணையைச் சுற்றி எத்தனை சாலை என்று உங்களுக்குத் தெரியும். இன்னொன்று நோய். ஒரு குட்டையின் கிருமியை இன்னொரு குட்டைக்கு நாமே பக்கெட்டில் சுமந்து போகிறோம்.

அதனால் வரிசையாகப் பாருங்கள். உங்கள் வளாகத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது? அந்த வடிகால் போய்ச் சேரும் முதல் குட்டையோ ஏரியோதான் அந்த ஆமையின் ஊர். நம் ஏரிகள் ஒன்றின் கலங்கல் வழிந்து அடுத்ததற்குப் போகிற மாதிரி சங்கிலியாக வெட்டப்பட்டவை. ஆமையும் அந்தச் சங்கிலி வழியாகத்தான் வந்திருக்கும், அதே சங்கிலியில் கீழே உள்ள ஏரி அதற்கு அந்நியம் இல்லை. எங்கள் பகுதியில் தண்ணீர் போகும் வழியைக் கண்டுபிடிக்க நான் மழை நாளில் குடையோடு தெருத் தெருவாக நடந்திருக்கிறேன். வரைபடத்தைவிட அது உண்மையைச் சொல்லும். அப்படி எதுவுமே மிஞ்சவில்லை என்றால் முடிவை வனத்துறையிடம் விடுங்கள், நீங்களாகத் தூரத்தில் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம், வளாகச் சங்கத்தில் ஒன்று கேளுங்கள். சுற்றுச்சுவருக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வைத்திருப்பீர்கள். கம்பி வலை அடித்து மூடியிருந்தால் ஓரிரு இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். உள்ளே வந்தது தானே வெளியே போகும்.

வண்டல்மண் | இரவு 8:40

டிராக்டர் வைத்திருக்கிறேன். கோடையில் ஏரியில் வண்டல் அள்ளப் போவோம். 2017-ல் குடிமராமத்து (ஊர்க்காரர்களே சேர்ந்து ஏரி குளத்தைச் சீர்செய்யும் முறை) திரும்ப வந்ததிலிருந்து தூர்வாரும் வேலை நிறைய. ஜேசிபி பக்கெட்டில் ஆமை வரும். காய்ந்த மண்கட்டி என்று நினைத்து உடைத்தால் உள்ளே உயிரோடு இருக்கும். சில சமயம் வெட்டுப்பட்டே வரும், பார்க்கச் சகிக்காது. முழுசாக வந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவோம். அது சரியா?

தவளைக்குரல் | இரவு 8:58

அண்ணே, இதை எழுதியதற்கு நன்றி, யாரும் பேசாத விஷயம். கோடைத் தூக்கத்தில் இருப்பதை எழுப்பித் தொட்டியில் போட்டால் அங்கிருந்து அது எங்கேயும் போக முடியாது. அதே ஏரியில் அந்த வருடம் தோண்டாத பக்கம், நிழலும் ஈரமும் உள்ள சேறாகப் பார்த்து வைத்து, மேலே ஈர மண்ணைத் தளர்வாகப் போட்டுவிடுங்கள். வெட்டுப்பட்டிருந்தால் மருத்துவர்தான்.

வேலை எடுக்கும்போதே ஏரியின் ஒரு மூலையை, தாழ்ந்த பக்கத்தை, தோண்டாமல் விட்டுவைத்தால் ஆமையும் விராலும் அங்கே பிழைக்கும். வேலை எடுப்பவரிடம் நீங்கள் சொன்னால் காதில் ஏறும், நாங்கள் சொன்னால் ஏறாது.

அம்மா_ஆஃப்_இரண்டு | இரவு 9:20

நானும் ஒன்று கேட்கலாமா? பெரியவன் பிறந்தநாளுக்கு மீன் கடையில் வாங்கிய சின்னப் பச்சை ஆமை, இப்போது தொட்டி போதாத அளவு வளர்ந்துவிட்டது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். இதையும் ஏரியில் விட்டால் சுதந்திரமாக இருக்கும் என்று பையன் அடம்பிடிக்கிறான்.

தவளைக்குரல் | இரவு 9:34

அக்கா, தயவுசெய்து விடாதீர்கள். அது சிவப்புக் காது ஆமை, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது. உலகத்தில் மிக மோசமாகப் பரவிக் கெடுக்கிற நூறு உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. கடையில் இரண்டு விரல் அகலம் இருக்கும், வளர்ந்தால் ஓர் அடி வரை போகும், இருபது முப்பது வருடம் வாழும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. ஏரியில் விட்டால் நம் பால் ஆமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும், நோயையும் கொடுக்கும். இன்று ஏரியில் விட்ட ஆமைக்கு நாமே எதிரி அனுப்புவதாகும்.

பையனிடம் இதை அப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வான். பெரிய தொட்டி, நனையாமல் ஏறி உட்கார ஒரு மேடை, தினம் கொஞ்ச நேரம் நேரடி வெயில். கண்ணாடி வழியாக வருகிற வெயில் போதாது, ஓடு இளகிவிடும். வைத்துக்கொள்ளவே முடியாது என்றால், எடுத்துக்கொள்ளும் இடம் உண்டா என்று விலங்கு நல அமைப்புகளிடமும் வனத்துறையிடமும் கேளுங்கள்.

செம்மண்காடு | இரவு 9:51

எங்கள் மானாவாரி நிலத்தில் இன்று ஒன்றைப் பார்த்தேன். ஓடு குவிந்து, கறுப்பில் மஞ்சள் கதிர் கதிராக நட்சத்திரம். தண்ணீரே இல்லாத இடத்தில் கிடந்தது, பாவமாக இருந்தது. ஊர்க் கண்மாயில் விட எடுத்து வைத்திருக்கிறேன். படம் இணைத்துள்ளேன், இடம்: [நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர் | இரவு 9:55

ஊர்ப் பெயரையும் படத்தையும் நீக்கியிருக்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். நட்சத்திர ஆமையைக் கடத்துகிறவர்கள் இப்படிப்பட்ட பதிவுகளைப் பார்த்து அந்த ஊருக்கே வருவார்கள். படத்தில் இருப்பிடக் குறிப்பும் பதிந்திருந்தது.

ஊசிமருந்து | இரவு 9:58

கண்மாயில் விடாதீர்கள்! அது தரை ஆமை, நீந்தாது. ஆழத்தில் போட்டால் செத்துவிடும். புல்லும் சப்பாத்திக்கள்ளியும் முள்காடும்தான் அதன் வீடு, தண்ணீர் இல்லாத இடத்தில் அது பாவமாகக் கிடக்கவில்லை, மேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. கால் பார்த்தால் தெரிந்துவிடும். விரல்களுக்கு நடுவே தோல் இருந்தால் நீர் ஆமை. யானைக்கால் போல உருளையாக, செதில் செதிலாக இருந்தால் தரை ஆமை. எடுத்த அதே இடத்தில், விடிந்ததும், ஒரு புதருக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

நீதிக்கோல் | இரவு 10:06

வைப்பதற்கு முன் வனத்துறைக்கும் ஒரு தகவல். 2019 முதல் நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வணிகம் முற்றாகத் தடை. இந்தியச் சட்டத்திலும் இப்போது முதல் அட்டவணைக்கு ஏற்றிவிட்டார்கள். வீட்டில் வைத்தால் பணம் கொழிக்கும் என்று இதை வாங்குகிறவர்கள் நகரங்களில் நிறைய. எதிர்வீட்டுப் பாட்டி ஆமை புகுந்தால் வீடு உருப்படாது என்கிறார், வாஸ்துக்காரர் ஆமை இருந்தால்தான் உருப்படும் என்கிறார். இரண்டு பேச்சிலும் அடிபடுவது ஆமைதான்.

செம்மண்காடு | இரவு 10:15

சரிங்க. நல்லவேளை கேட்டேன். காலையில் முதல் வேலை அதுதான். படத்தை மற்ற குழுக்களிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

வலைஞன் | இரவு 11:02

நாகைப் பக்கம் கடல் தொழில். ஏரி ஆமைக்கு இவ்வளவு பேசுகிறீர்கள், கடல் ஆமைக்கும் நான்கு வார்த்தை.

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்கிற கடல் ஆமை) முட்டையிடக் கரைக்கு வரும். அதுவும் மூச்சுக்கு மேலே வர வேண்டிய உயிர். இழுவலையில் மாட்டி மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது என்பது சட்டம். அதை மதித்தாலே பாதி ஆமை பிழைக்கும், சிறு தொழில் செய்கிற எங்களுக்கும் மீன் கிடைக்கும்.

வலையில் அசைவில்லாமல் வந்தால் செத்தது என்று கடலில் தள்ளிவிடாதீர்கள். மயங்கியிருந்தால் நிச்சயம் மூழ்கிவிடும். வயிறு கீழே இருக்கும்படி படகில் வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, மேலே ஈரத்துணி போட்டு நிழலில் விடுங்கள். நுரையீரல் தண்ணீர் வடியும். நாலு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். கண் இமையைத் தொட்டால் சுருக்குகிறதா என்று அவ்வப்போது பார்ப்போம். தெளிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு வலை இல்லாத பக்கம் மெல்ல இறக்குவோம்.

கரையில் முட்டையிடும் ஆமையைப் பார்த்தால் டார்ச் அடிக்காதீர்கள், செல்பி எடுக்காதீர்கள். தள்ளி நில்லுங்கள், அது தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும்.

அடையாறு_நடை | இரவு 11:20

வலைஞன் அண்ணா சொன்னதோடு சேர்த்து: சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே மாணவர்கள் 1988 முதல் பருவம் முழுக்க இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சு வரும். குஞ்சு வெளிச்சத்தை நோக்கிப் போகும் உயிர், சாலை விளக்கைப் பார்த்து ஊருக்குள் ஏறிவிடும். தெருவில் குஞ்சைப் பார்த்தால் வாளித் தண்ணீரில் போடாமல், ஈர மணல் போட்ட பெட்டியில் வைத்து இவர்களுக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். பகலில் நீங்களே கடலில் விட்டால் காக்கை கொத்திக்கொண்டு போகும்.

வன்னிமண் | இரவு 11:48

வவுனியாவில் இருந்து வாசிக்கிறன். எங்கட குளங்களிலயும் பாலாமை இருக்கு, ஆனால் இலங்கையில் உள்ளதை இப்ப தனி இனம் என்று பிரிச்சிருக்கினம். குளக்கட்டு ரோட்டால மழைக்குக் கடந்து போகும். இங்க வனசீவராசிகள் திணைக்களத்துக்குத்தான் அறிவிக்க வேணும். மற்றபடி நீங்கள் எழுதினது எல்லாம் எங்களுக்கும் பொருந்தும்.

மாடிவீட்டுக்காரன் | மறுநாள் காலை 8:30

இன்னொரு சந்தேகம். நேற்று நாங்கள் ஆமை விட்டதைக் கேள்விப்பட்டு, பின்தெருவில் வீடு கட்டுகிறவர் கூப்பிட்டார். கொட்டி வைத்த மண்ணை அள்ளும்போது உருண்டையாக ஆறு வெள்ளை முட்டை, கெட்டி ஓடு. பாம்பு முட்டையா ஆமை முட்டையா? ஆட்கள் பயந்து உடைக்கப் பார்க்கிறார்கள்.

தவளைக்குரல் | மறுநாள் காலை 8:37

உருண்டையாக, கெட்டி ஓட்டோடு இருந்தால் பால் ஆமை முட்டையாகத்தான் இருக்கும். பாம்பு முட்டை நீளமாக, தோல் மாதிரி மெத்தென்று, பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

யாரும் கையில் எடுத்து உருட்ட வேண்டாம். இட்டுச் சில மணி நேரத்துக்குப் பிறகு உள்ளே கரு ஓட்டின் மேற்புறமாக ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் போச்சு. எடுத்துவிட்டவற்றில் இப்போது எது மேலே இருக்கிறதோ அதில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், புள்ளி மேலே இருக்கும்படியே வைத்திருங்கள். எடுக்காதவற்றை அப்படியே விட்டு மண்ணை மூடச் சொல்லுங்கள். அந்த மண்மேட்டின் ஒரு மூலையை விட்டுவிட்டு வேலை செய்ய முடியுமா என்று கேளுங்கள். குஞ்சு வரப் பல மாதமாகும், வீடு அதற்குள் எழுந்துவிடும், அதனால் வனச்சரக அலுவலகத்தில் நேற்றுப் பேசியவரையே உடனே கூப்பிடுங்கள். அவர் வரும் வரை நான்கு செங்கல்லைச் சுற்றி வைத்து மேலே ஒரு கம்பி வலை. தெருநாய் தோண்டாமல் இருந்தால் போதும்.